சேலத்தில் ரயில்வே கேட்டும் கூட்ஸ் வண்டியும் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேட் மூடியிருக்கும்போது வண்டியை ஆஃப் செய்துவிட்டு ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதுகிற ஆளைப் பார்த்தால் பக்கத்தில் நிற்பவர் சும்மா இருக்க மாட்டார். 'சார், சர்வே எடுக்கறீங்களா?' என்பார். 'ரோடு அகலப்படுத்தப் போறாங்களா?' என்பார். பத்து வருடத்துக்கு மேல் இப்படி நின்றதில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், கேட்டில் நின்று நானே தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் ரயில்வேக்காரன் இல்லை. சூரமங்கலத்தில் குடியிருக்கும் வேடிக்கை பார்க்கிற ஆள், அவ்வளவுதான்.

கூட்ஸ் வண்டியில் பார்க்க என்ன இருக்கிறது?

பயணிகள் ரயில் வரும் நேரம் ஊருக்கே தெரியும். கூட்ஸ் அப்படியில்லை. அது எப்போது வரும், எதை ஏற்றி வரும், எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் அன்றன்றைக்கு முடிவாகிறது. ஒரு கேட்டில் ஆறு மாதம் நின்று எழுதிவிட்டால் மேட்டூருக்கு நிலக்கரி எப்படிப் போகிறது, சங்ககிரிக்குப் பெட்ரோல் எப்படி வருகிறது, உர மூட்டை எந்த மாதத்தில் அதிகம் இறங்குகிறது என்பதெல்லாம் உங்கள் நோட்டிலேயே தெரியும். செய்தித்தாளில் இந்தக் கணக்கு வராது.

எங்கே நின்று பார்ப்பது?

சேலத்தைச் சுற்றி வழித்தடங்களுக்குப் பஞ்சமில்லை. ஜோலார்பேட்டையிலிருந்து ஈரோடு போகும் இரட்டைப் பாதைதான் பிரதானம். மேக்னசைட் ஜங்ஷனில் ஓமலூர்ப் பாதை பிரிகிறது. ஓமலூரில் அதுவே இரண்டாகி ஒன்று மேச்சேரி ரோடு வழியாக மேட்டூர் அணைக்கும், மற்றது தருமபுரி வழியாகப் பெங்களூருக்கும் போகிறது. ஜங்ஷனிலிருந்து மார்க்கெட், டவுன், அயோத்தியாப்பட்டணம், ஆத்தூர் என்று விருத்தாசலம் போகும் பாதை ஒன்று. ராசிபுரம், நாமக்கல் வழியாகக் கரூர் போகும் பாதை 2013-ல் திறந்தது. இத்தனையையும் பார்த்துக்கொள்ளும் சேலம் ரயில்வே கோட்டமே 2007 நவம்பர் 1-ல்தான் உருவானது.

புதிதாக ஆரம்பிப்பவர்களை நான் ஓமலூர் பக்கம்தான் அனுப்புவேன். மேட்டூர் அனல்மின் நிலையத்துக்குப் போகும் நிலக்கரி ரேக்குகள் (ஒரே வண்டியாகச் சேர்த்த வேகன் வரிசைகள்) அந்த வழியாகத்தான் போயாக வேண்டும் என்பதால் வெறுங்கையோடு திரும்பும் நாள் குறைவு. விருத்தாசலம் பாதையில் வண்டிகள் குறைவு. அங்கே பொறுமை வேண்டும். ஆனால் அந்தப் பாதையில் வாழப்பாடிக்கு உள்ள நிலையத்தின் பெயர் என்ன தெரியுமா? 'வாழப்பாடி கேட்.' நிலையத்துக்கே கேட்டின் பெயர்! அதற்காகவே ஒரு முறை போய் வரலாம். முள்ளுவாடி கேட் என்றால் சேலத்துக்காரர்களுக்கு அது கேட்டைவிடப் பெரிய விஷயம், ஒரு பேட்டையின் பெயர். ஷேர் ஆட்டோக்காரரிடம் 'முள்ளுவாடி கேட்' என்று சொன்னால் போதும்.

மலையும் ரயிலும் சேர்ந்து வேண்டுமென்றால் டேனிஷ்பேட்டை, லோக்கூர் பக்கம். அங்கே பாதை சேர்வராயன் மலையடிவாரக் காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும். ரயில் ஜன்னலிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது வனத்துறைக் காடு, நடந்து போகிற இடமில்லை.

கூட்ஸ் வரும் நேரத்தைத் தெரிந்துகொள்ள ஆப் இருக்கிறதா?

பயணிகள் ரயிலுக்கு இருக்கிறது. கூட்ஸுக்குப் பொதுமக்கள் பார்க்கும்படி எதுவும் இல்லை. ரயில்வேயும் சரக்கை அனுப்புகிறவர்களும் வைத்திருக்கும் கணினி முறையில் அது ஓடும், நமக்கு எட்டாது. நமக்கு எட்டுவது பயணிகள் ரயில்களின் இடைவெளி. இரண்டு எக்ஸ்பிரஸ்களுக்கு நடுவில் நாற்பது நிமிடம் காலியாக இருந்தால், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் அந்த இடைவெளியில் ஒரு கூட்ஸை விடத்தான் பார்ப்பார். இன்னொரு அடையாளமும் உண்டு. சின்ன நிலையத்தின் லூப் லைனில், அதாவது ஒதுங்கி நிற்பதற்கான பக்கப் பாதையில், ஒரு கூட்ஸ் ஒதுங்கி நிற்கிறது, டிரைவர் கீழே இறங்கிச் சக்கரங்களை ஒரு சுற்றுப் பார்க்கிறார் என்றால், ஏதோ எக்ஸ்பிரஸ் முந்திப் போக வேண்டியிருக்கிறது. அது போன அப்புறம் இது கிளம்பும்.

கேட் மூடும்போது உள்ளே என்ன நடக்கிறது?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஏனென்றால் சாலையில் நிற்பவர்களுக்குக் கட்டை கீழே இறங்குவது மட்டும்தான் தெரிகிறது. அதற்கு முன்னால் நடப்பதுதான் விஷயம்.

முதலில் கேட் கீப்பரின் அறையில் போன் மணி அடிக்கும். அடுத்த நிலையத்து ஸ்டேஷன் மாஸ்டர் வண்டி வரப்போவதைச் சொல்வார். இருவரும் 'பிரைவேட் நம்பர்' என்று இரண்டு இலக்க எண்ணைப் பரிமாறிக்கொள்வார்கள். 'கேட் மூடியாச்சு' என்று வாயால் சொன்னால் மட்டும் செல்லாது. அந்த எண்ணைச் சொல்லி, நேரத்தோடு பதிவேட்டில் எழுதினால்தான் கணக்கு. நாளைக்கு ஏதாவது ஆனால் யார் எப்போது யாரிடம் என்ன சொன்னார் என்பதற்கு அந்த இரண்டு இலக்கம்தான் சாட்சி.

அப்புறம் ஹூட்டர் அலறும், கட்டை இறங்கும். பழைய கேட்டாக இருந்தால் கைப்பிடி போட்ட வின்ச்சைச் சுற்றி இறக்குவார்கள். புதியதில் பொத்தான். கட்டை முழுதாக இறங்கிப் பூட்டினால்தான் சாவி வெளியே வரும். அந்தச் சாவியைக் கருவியில் போட்டுத் திருப்பினால்தான் ரயிலுக்கான சிக்னல் மாறும். கேட் திறந்திருக்கும்போது ரயிலுக்குப் பச்சை காட்டவே முடியாது. பச்சை காட்டிய பிறகு கேட்டைத் திறக்கவும் முடியாது. இதற்குத்தான் இன்டர்லாக்கிங் என்று பெயர்.

எல்லாக் கேட்டுக்கும் இந்த ஏற்பாடு இல்லை. இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டில் போனும் பிரைவேட் நம்பரும் மனிதனின் கவனமும் மட்டும்தான் காவல். 2025 ஜூலை 8-ல் கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தது அப்படிப்பட்ட கேட்டில்தான். அதற்கு அப்புறம் நான் எந்தக் கேட்டுக்குப் போனாலும் நோட்டில் முதல் வரியாக 'இன்டர்லாக்கிங் உண்டா, இல்லையா' என்று எழுதுகிறேன். கேட்டுக்கு இரண்டு பக்கமும் தண்டவாள ஓரம் பாருங்கள். கேட்டுக்கென்று சிக்னல் கம்பம் இருந்தால் உண்டு என்று அர்த்தம்.

ஆளில்லா கேட்டுகளைப் பற்றியும் கேட்பார்கள். அகலப் பாதையில் அவை எல்லாவற்றையும் 2019 ஜனவரியோடு ஒழித்துவிட்டார்கள்.

வண்டியே காணோம், எதற்குப் பத்து நிமிடம் மூடி வைக்கிறார்கள்?

கோபப்படாமல் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிலக்கரி ஏற்றிய ரேக் சுமார் ஐயாயிரம் டன் வரை இருக்கும். பிரேக் போட்டதும் நிற்க அது நம் டூ வீலர் இல்லை. அதனால் டிரைவருக்கு ஒரு கிலோமீட்டருக்கு முன்பே 'டிஸ்டன்ட் சிக்னல்' என்ற முன்னறிவிப்பு சிக்னல் இருக்கும். சில இடங்களில் இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே இன்னொன்றும் இருக்கும். அந்தக் கம்பம் கண்ணில் படும்போதே பச்சையாக இருந்தால்தான் அவர் வேகத்தைக் குறைக்காமல் வருவார். மணிக்கு அறுபது என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். அவர் அந்தச் சிக்னலைப் பார்க்கும் முன் கேட் பூட்டியாக வேண்டும், பூட்டும் முன் நம் ஆட்கள் குனிந்து நுழைவதை நிறுத்தியாக வேண்டும். இந்தக் கடைசி வேலைக்குத்தான் நேரம் அதிகம் ஆகிறது என்பது என் நோட்டின் தீர்ப்பு. ஒரு நாள் கட்டை இறங்கத் தொடங்கியதிலிருந்து பூட்டும் வரை இரண்டு நிமிடம் நாற்பது விநாடி ஆனது. அதில் இரண்டு நிமிடம் ஒரு டெம்போ டிராவலரும் ஒரு புல்லட்டும் 'நீ போ, நான் போறேன்' என்று நடுவில் நின்றது.

வண்டி போன பிறகும் திறக்கவில்லை என்றால் எதிர்ப்பக்கம் இன்னொன்று வருகிறது. இரட்டைப் பாதையில் இது சகஜம்.

சிக்னல் சிவப்பாகவே இருந்தது, ஆனால் கூட்ஸ் மெதுவாகக் கேட்டைத் தாண்டிப் போனதே. தப்பில்லையா?

கம்பத்தில் மஞ்சள் வட்டத்துக்குள் கறுப்பில் ஆங்கில 'ஜி' எழுத்து இருந்ததா? இருந்தால் அது கேட்டுக்கான சிக்னல். அது சிவப்பில் இருந்தால் வண்டி நிற்க வேண்டும். பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். அப்புறம் ஊதிக்கொண்டு மெல்ல ஊர்ந்து கேட் வரைக்கும் வந்து, கேட் மூடியிருப்பதையும் கீப்பர் கொடி காட்டுவதையும் பார்த்துக்கொண்டு கடக்கலாம். விதிப்படியே நடப்பது. 'ஜி' இல்லாத நிலையத்துச் சிக்னலில் இப்படிச் செய்ய முடியாது. இது மாதிரி ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் நிமிடக் கணக்கோடு எழுதி வையுங்கள், அடிக்கடி கிடைக்காது.

கேட்டுக்கு முன்னால் தண்டவாள ஓரம் நிற்கும் மஞ்சள் பலகை எதற்கு?

ஊதல் பலகை. மஞ்சளில் கறுப்பாக 'டபிள்யூ/எல்' என்று ஆங்கிலத்திலும், 'சீ/ஃபா' என்று இந்தி எழுத்திலும் இருக்கும். கேட்டுக்கு 600 மீட்டர் முன்னால் நிற்கும். அங்கிருந்து கேட் வரைக்கும் டிரைவர் ஊதிக்கொண்டே வர வேண்டும்.

சாலைப் பக்கம் இருபுறமும் வாசல் மாதிரி இரும்புச் சட்டம் நிற்கிறதே, அது மின்பாதைக்காக. உயரம் 4.78 மீட்டர். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி அந்தச் சட்டத்தில் இடித்து நின்றால் டிரைவருக்குத் திட்டு விழும், உயிர் மிஞ்சும். அதே காரணத்துக்காக நீங்களும் கேட்டில் செல்ஃபி கம்பை உயர்த்தக் கூடாது.

நோட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது:

'06.42 கட்டை இறக்கம். 06.45 பூட்டு. 06.46 சிக்னல் பச்சை. 06.51 இன்ஜின் கேட்டில். வாக்-9, ஒன்று. பாக்ஸ்-என், 58 + கார்டு பெட்டி. பாரம். மேட்டூர் பக்கம். கடைசிப் பெட்டி 06.52.40. திறப்பு 06.54. கீப்பர் பச்சைக் கொடி. கார்டு பதிலுக்கு ஆட்டினார். நிறுத்தியிருந்த வண்டிகள்: பஸ் 2, லாரி 3, டூ வீலர் எண்ணவில்லை. மழை இல்லை.'

இவ்வளவுதான். வாக்-9 என்பது இன்ஜின் வகை, பாக்ஸ்-என் என்பது வேகன் வகை, இரண்டையும் பின்னால் சொல்கிறேன். இடத்தைக் குறிக்கக் கேட் எண் போதும், அங்கேயே பலகையில் இருக்கும். கேட் இல்லாத இடத்தில் மின்கம்பத்தின் எண்ணைப் பாருங்கள். மேலே கிலோமீட்டர், கீழே அந்தக் கிலோமீட்டருக்குள் எத்தனையாவது கம்பம் என்று எழுதியிருக்கும். கூகுள் வரைபடத்தில் குத்தும் புள்ளியைவிட இது நம்பகம்.

போட்டோ எடுத்தாலே போதாதா என்று கேட்பார்கள். போதாது. போட்டோவில் இன்ஜின் அழகாக விழும். கட்டை எப்போது இறங்கியது, எத்தனை வேகன், கடைசிப் பெட்டியில் வால்விளக்கு இருந்ததா என்பது விழாது. முதலில் எழுத்து, நேரம் மிஞ்சினால் போட்டோ.

இன்னொன்று: பார்த்ததை எழுதுங்கள், ஊகத்தை எழுதாதீர்கள். ஊகம் வந்தால் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். என் நோட்டில் கேள்விக்குறி இல்லாத பக்கம் குறைவு.

வேகன்களை எப்படி அடையாளம் காண்பது?

மேலே திறந்து, உயரமான இரும்புத் தொட்டி மாதிரி இருந்தால் பாக்ஸ்-என். நிலக்கரி பெரும்பாலும் இதில்தான். இறக்கும் இடத்தில் வேகனைக் கவ்விப் பிடித்து அப்படியே தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். அடிப்பக்கம் சரிந்து கதவு வைத்திருந்தால் பிஓபிஆர்என், கவிழ்க்காமல் கீழேயே கொட்டும். மூடிய பெட்டி, பக்கத்தில் கதவு என்றால் பிசிஎன் வகை. அரிசி, உரம், சிமெண்ட் எல்லாம் இதில். செவ்வாய்ப்பேட்டையில் மார்க்கெட் நிலையத்துப் பக்கம் லாரிகள் வரிசை கட்டி நின்றால் கூட்ஸ் ஷெட்டில் ஒரு பிசிஎன் ரேக் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். லீ பஜார் பக்கத்தில் இருப்பதால் மூட்டைத் தொழிலாளிகளுக்கும் டீக்கடைகளுக்கும் அன்றைக்கு நல்ல நாள். உருளைத் தொட்டி என்றால் பிடிபிஎன், பெட்ரோல் டீசல். சங்ககிரி எண்ணெய்க் கிடங்குக்குப் போகும் வழியில் பார்க்கலாம். தட்டையான வேகனில் பெரிய பெட்டி உட்கார்ந்திருந்தால் கன்டெய்னர்.

பாரமா காலியா என்று கேட்டில் நின்றபடி எப்படித் தெரியும்?

இதில் நான் மொக்கை வாங்கியிருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு மாதம் முழுக்க, போன பாக்ஸ்-என் எல்லாவற்றையும் 'நிலக்கரி, பாரம்' என்று எழுதித் தள்ளினேன். தரையில் நின்றால் தொட்டிக்குள் தெரியாது. ஒரு நாள் நிலையத்து நடைமேம்பாலத்தின் மேல் ஏறி நிற்கும்போது அதே திசையில் ஒரு ரேக் வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் அடியில் கரித்தூளும் கொஞ்சம் மழைத்தண்ணீரும். ஒரு வேகனில் யாரோ போட்ட செருப்பு ஒன்று. மேட்டூரில் கொட்டிவிட்டுத் திரும்பும் காலி வண்டிகளை ஒரு மாதமாகப் பாரம் என்று எழுதியிருக்கிறேன்! அந்தப் பக்கங்களைக் கிழிக்கவில்லை. சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அதற்கு அப்புறம் கற்றுக்கொண்டது இரண்டு விஷயம். ஒன்று, ஸ்பிரிங். சக்கரத் தொகுதியின் பக்கவாட்டில் சுருள் ஸ்பிரிங் கொத்தாகத் தெரியும். காலி என்றால் சுருளுக்கும் சுருளுக்கும் நடுவில் இடைவெளி விரிந்திருக்கும். பாரம் என்றால் அமுங்கியிருக்கும். புதிய வகைப் பாக்ஸ்-என் காலியாக 20 டன்னை ஒட்டித்தான் எடை, ஏற்றினால் 90 டன்னைத் தாண்டும். ஸ்பிரிங் பொய் சொல்லாது. இரண்டாவது, சத்தம். காலி வண்டி தகர டப்பா மாதிரி 'டமடம' என்று உள்ளே எதிரொலித்துக்கொண்டு போகும். பார வண்டிக்குச் சத்தம் அடங்கி இருக்கும், ஆனால் காலுக்குக் கீழே தரை அதிரும். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றால் இன்னும் நன்றாகத் தெரியும். வெயில் காலத்தில் இதை முயல வேண்டாம்.

வேகன் மேல் இருக்கும் நீண்ட எண் என்ன?

பதினொரு இலக்கம். முதல் இரண்டு வேகனின் வகை: 10 முதல் 29 வரை திறந்தது, 30 முதல் 39 வரை மூடியது, 40 முதல் 54 வரை டேங்கர், 55 முதல் 69 வரை தட்டை, 70 முதல் 79 வரை அடியில் கொட்டுவது, 85 முதல் 89 வரை கார்டு பெட்டி. அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது. 06 என்றால் நம் தெற்கு ரயில்வே. அடுத்த இரண்டு தயாரித்த வருடம். அடுத்த நான்கு வரிசை எண். கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம்.

இந்தக் கடைசி இலக்கம்தான் நமக்கு நண்பன். ஓடும் வண்டியில் எண் படிக்கும்போது 3-ஐ 8 என்று எழுதிவிடுவோம். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். உதாரணத்துக்கு 3106101234 என்று வைத்துக்கொள்வோம். இரட்டைப்படை இடங்களில் இருப்பவை 1, 6, 0, 2, 4. கூட்டினால் 13, மூன்றால் பெருக்கினால் 39. ஒற்றைப்படை இடங்களில் 3, 0, 1, 1, 3, கூட்டினால் 8. மொத்தம் 47. அடுத்த பத்தின் மடங்கு 50. வித்தியாசம் 3. ஆக, பதினொன்றாவது இலக்கம் 3 ஆக இருக்க வேண்டும். வேறு ஏதாவது எழுதியிருந்தால் நீங்கள் எங்கோ தப்பாகப் படித்திருக்கிறீர்கள். ஒரு ரேக்கில் எல்லாவற்றையும் படிக்க ஆசைப்படாதீர்கள். ஐந்து கிடைத்தால் போதும்.

வேகத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஒரு பாக்ஸ்-என் நீளம் 10.7 மீட்டர். ஒரு கம்பத்தைக் குறி வைத்துக்கொண்டு பத்து வேகன் கடக்கும் நேரத்தை எண்ணுங்கள். பத்து விநாடி என்றால் 107 மீட்டர், அதாவது மணிக்கு 38 கிலோமீட்டர் சொச்சம். தலையிலிருந்து வால் வரை ஒரு ரேக் 600 மீட்டரைத் தாண்டும்.

இன்ஜின் பெயரில் இருக்கும் எழுத்துகளுக்கு என்ன அர்த்தம்?

வாக் என்று நாங்கள் சேர்த்துப் படிப்பது மூன்று எழுத்து. டபிள்யூ என்றால் அகலப் பாதை, ஏ என்றால் மின்சாரம், ஜி என்றால் கூட்ஸ். நடு எழுத்து டி என்றால் டீசல். கடைசி எழுத்து பி என்றால் பயணிகள் வண்டிக்கானது. எந்த ஷெட்டை (இன்ஜின்களைப் பராமரிக்கும் இடம்) சேர்ந்தது என்பதும் பக்கத்தில் எழுதியிருக்கும். ஈரோடு பக்கத்திலேயே இருப்பதால் அந்தப் பெயர் அடிக்கடி வரும். இன்ஜினின் முன்புறம் மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் ஏதோ சரியில்லை, எதிரே வரும் வண்டி நிற்க வேண்டும் என்ற எச்சரிக்கை. அதைப் பார்த்தால் நாம் செய்ய ஒன்றுமில்லை. ஒதுங்கி நின்று நேரத்தை எழுதலாம்.

கார்டு இப்போது இல்லையாமே?

இருக்கிறார், பெயர்தான் மாறியது. 2022 ஜனவரியிலிருந்து டிரெய்ன் மேனேஜர். கேட்டில் எல்லோரும் கார்டு என்றுதான் சொல்கிறார்கள். கடைசிப் பெட்டியில் 'எல்வி' (லாஸ்ட் வெஹிக்கிள், கடைசி வண்டி) பலகையோ இரவில் சிவப்பு விளக்கோ இருந்தால் வண்டி முழுதாக வந்துவிட்டது, நடுவில் அறுந்து விடவில்லை என்று பொருள். கேட் கீப்பர் வெயிலில் கொடியோடு நின்று கடைசி வரை பார்ப்பது மரியாதைக்காக அல்ல. சக்கரத்தில் புகை வருகிறதா, ஏதாவது தொங்குகிறதா என்று பார்க்கிறார்.

கேட் கீப்பரிடம் பேச்சுக் கொடுக்கலாமா?

கேட் திறந்திருக்கும்போது, போன் ஓய்ந்திருக்கும்போது, வெளியே நின்றபடி பேசலாம். 'என்னங்கண்ணா, அடுத்து கூட்ஸுங்களா?' என்றால் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். போன் மணி அடித்ததும் பேச்சை நிறுத்திவிட வேண்டும். அறைக்குள் போகக் கூடாது, பதிவேட்டைப் படம் எடுக்கக் கூடாது. நான் ஒரு கேட்டில் ஆறு மாதம் வெறும் வணக்கத்தோடு நின்றேன். ஏழாவது மாதம் அவரே கேட்டார்: 'தம்பி, நேத்து வரலீங்களா? ரெண்டு இன்ஜின் போட்டு ஒண்ணு போச்சே!' தவறவிட்டது இன்னும் வயிற்றெரிச்சல்.

போட்டோ எடுத்தால் போலீஸ் பிடிக்குமா?

சாலையில், கேட்டுக்கு வெளியே, பொது இடத்தில் நின்று எடுத்ததற்கு என்னை யாரும் பிடித்ததில்லை. யாராவது வேண்டாம் என்றால் வாதாடாமல் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். நிலையத்துக்குள் போவதானால் பிளாட்பாரம் டிக்கெட் எடுங்கள், இரண்டு மணி நேரம் செல்லும்.

தண்டவாளத்துப் பக்கம் இறங்குவது வேறு கதை. ரயில்வே சட்டம் 1989-ன் 147-ஆவது பிரிவின்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூடிய கேட்டைத் தாமாகத் திறந்தால் 160-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை, உடைத்தால் ஐந்து ஆண்டு வரை. சட்டம் கிடக்கட்டும். மின்சார இன்ஜின் இழுக்கும் ரயில் வளைவில் சத்தமே இல்லாமல் வரும். இரண்டு வண்டி ஒரே நேரத்தில் வந்தால் ஒன்றின் சத்தத்தில் மற்றது கேட்காது.

ஏற்காட்டிலிருந்து ரயில் பார்க்க முடியுமா?

ஏற்காட்டுக்கு ரயில் இல்லை. சென்னைக்கும் ஈரோட்டுக்கும் ஓடும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் பெயரளவில்தான் ஏற்காடு. சேலத்தில் இறங்கி இருபது கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். ஆனால் ஏற்காட்டில் லேடிஸ் சீட் என்ற காட்சிமுனையில் இருட்டிய பிறகு நின்று பாருங்கள், பைனாகுலர் இருந்தால் நல்லது. சேலம் விளக்குகளுக்கு நடுவில் ஒரு கோடு வெளிச்சம் நகர்ந்தால் அது பயணிகள் ரயில். கூட்ஸுக்கு ஜன்னல் வெளிச்சம் கிடையாது. ஒற்றை வெள்ளைப் புள்ளி மட்டும் மெதுவாக ஊர்ந்து போகும், அதற்குப் பின்னால் ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாக மறைந்து மறைந்து தெரியும். அந்த மறைப்புதான் வேகன்கள். மூடுபனி இறங்கினால் எல்லாம் போச்சு, டீ குடித்துவிட்டுக் கீழே வர வேண்டியதுதான்.

எங்கள் ஊர்க் கேட்டுக்கு மேம்பாலம் எப்போது வரும்?

அதை நான் சொல்ல முடியாது, ஆனால் எதை வைத்து முடிவெடுக்கிறார்கள் என்று சொல்லலாம். ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வாகன அலகுகளால் பெருக்குவார்கள். கார், பஸ், லாரி, மாட்டுவண்டி என்றால் ஒன்று, ஆட்டோ அரை. 50 ரயில், 1,500 வாகனம், 400 ஆட்டோ என்றால் 50 × 1,700, அதாவது 85,000. இது ஒரு லட்சத்தைத் தாண்டும் கேட்டுகளைத்தான் மேம்பாலத்துக்கோ சுரங்கப் பாதைக்கோ எடுத்துக்கொள்வது வழக்கம். ஊர்ச் சங்கத்துக்காரர்கள் மனு கொடுக்கப் போகும்போது வெறுமனே 'ரொம்பக் கஷ்டம்' என்று எழுதுவதைவிட ஒரு வாரம் நின்று எண்ணிய இந்தக் கணக்கை இணைத்தால் கேட்பதற்கு ஆள் இருக்கும். அப்படி ஒரு மனுவுக்கு என் நோட்டு உதவியிருக்கிறது.

பிள்ளைகளை அழைத்து வரலாமா?

தாராளமாக. கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டைக்கு நாலடி தள்ளி நில்லுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள். எண்ணும் வேலையை அவர்களிடம் விட்டுவிடலாம். என் அண்ணன் மகளைப் போன பொங்கல் லீவில் ஓமலூர் பக்கம் கூட்டிப்போனேன். வண்டி போனதும் நான் 58 என்றேன், அவள் 59 என்றாள். கார்டு பெட்டியையும் சேர்த்து எண்ணிவிட்டாய் என்றேன். 'இல்ல சித்தப்பா, அது அறுபதாவது' என்றாள். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். 59 வேகன், அப்புறம் கார்டு பெட்டி. நோட்டில் 58-ஐ அடித்துவிட்டு அவளையே எழுதச் சொன்னேன்.